தட்டச்சு பழக எது தேவலாம்: ஜிடைப்பிஸ்ட்டா, கீபிஆரா, மங்கிடைப்பா?

இரண்டு விரலால் தட்டியே பல வருடம் ஓட்டிய ஆள் நான். பழக்கத்தை மாற்ற இந்த மூன்றையும் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்தேன். மூன்றும் இலவசம்தான், ஆனால் நாம் தப்பாக அடித்தால் என்ன செய்கின்றன என்பதில் ஒவ்வொன்றும் ஒரு ரகம். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

ஜிடைப்பிஸ்ட் கனூ (GNU) என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்து மென்பொருள். டெர்மினலில், அதாவது வெறும் எழுத்து மட்டும் தெரியும் கட்டளைத் திரையில் ஓடும், படம், அலங்காரம் எதுவும் இல்லை, இணையமும் வேண்டாம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஏ-எஸ்-டி-எஃப் என்று தாள் தாளாக அடிக்க வைப்பார்களே, அதே கண்டிப்பு. தப்பினால் 'பீப்' என்று கத்தும். பயிற்சியில் பிழை 3 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து அடி என்று நிற்கும். எரிச்சல் வரும், ஆனால் விரல் தானாக இடம் பிடித்தது இதில்தான்.

கீபிஆர் பிரௌசரிலேயே ஓடும். ஆறே எழுத்தில் ஆரம்பித்து, பொருள் இல்லாத ஆனால் வாயில் நுழைகிற சொற்களைத் தரும். எந்த எழுத்தில் தடுமாறுகிறீர்களோ அதையே விடாமல் திரும்பத் திரும்பக் கொண்டுவரும், வேகம் வந்தால்தான் அடுத்த எழுத்து. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். சிக்கல் என்னவென்றால், அந்த முதல் ஆறில் (ஈ, என், ஐ, ஏ, ஆர், எல்) விரல்கள் தங்கும் நடு வரிசையில் இருப்பவை ஏ, எல் இரண்டு மட்டுமே. விரலை எங்கே வைப்பது என்றே தெரியாதவர் இதில் தொடங்கினால் கண் கீபோர்டுக்குத்தான் போகும். பெரிய எழுத்து, கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வேண்டுமென்றால் செட்டிங்கில் போய் நாமே சேர்க்க வேண்டும்.

மங்கிடைப் சொல்லித்தரும் வாத்தியார் இல்லை, பரீட்சை வைக்கிறவர். எதையும் மாற்றாமல் விட்டால் அடிக்கடி வருகிற ஆங்கிலச் சொற்கள்தான், நிறுத்தக்குறியும் இருக்காது, அதனால் அதில் வரும் வேகத்தை நம்பி ஒரு கடிதம் அடித்துப் பாருங்கள், தெரியும் சேதி.

என் வரிசை: முதலில் ஜிடைப்பிஸ்ட், நடு வரிசை கைவந்ததும் கீபிஆர், மங்கிடைப் வாரம் ஒருமுறை ஆசைக்கு.

தமிழுக்கு? ஆங்கில ஒலிப்பு முறையில் (ammaa என்று அடித்தால் அம்மா வருவது போல) அடிப்பவருக்கு இந்தப் பழக்கம் அப்படியே உதவும். தமிழுக்கென்றே அமைத்த தமிழ்99 விசைப்பலகை என்றால் உயிர் இடக்கை, மெய் வலக்கை என்று எழுத்து இடமெல்லாம் வேறு. விரல் ஒழுங்கு மட்டும் கூட வரும், மற்றதைப் புதிதாகத்தான் பழக வேண்டும். ஆனால் 'அம்மா'வுக்கு நாலே தட்டு, புள்ளி தானாக விழும்.