வேலூர்ப் பக்கம் 'பேய்ப் படம்' என்று நடிக்கக் கூப்பிட்டால், இதைப் படித்துவிட்டுப் போங்கள்

என் சித்தப்பா மகளுக்கு 24 வயது. காட்பாடியில் நாடகம், குறும்படம் என்று நடித்துக்கொண்டிருந்தவள். போன வருடம் குடியாத்தம் பக்கம் ஒரு பழைய வீட்டில் 12 நாள் ஷூட்டிங் என்று ஒரு கம்பெனி கூப்பிட்டது. பேய்ப் படம், குடும்பத்தோடு பார்க்கலாம், டிவி ரைட்ஸ் பேசி முடித்தாயிற்று என்றார் மேனேஜர். துணைக்கு நான் போனேன். பாலாற்று மணலில் உச்சி வெயிலில் ஓட விட்டார்கள், சாப்பாடு மூன்று மணிக்கு வந்தது. சின்ன பட்ஜெட் படம், சரி என்று பொறுத்துக்கொண்டோம்.

பொறுத்திருக்கக் கூடாதது டப்பிங்கில் நடந்தது. முழுப் படத்தைக் காட்டவில்லை, அவள் வரும் துண்டுகளை மட்டும் ஓட்டினார்கள். கடைசியில் திரையை அணைத்துவிட்டு, "பேய் துரத்துது, மூச்சு வாங்கும்மா" என்று வெறும் மூச்சை மட்டும் இருபது தடவைக்கு மேல் பதிவு செய்தார்கள். தொண்டை கட்டிப்போய் வெளியே வந்தாள். சுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன், வேறொன்றும் தோன்றவில்லை எனக்கு. படம் வந்தபோதுதான் தெரிந்தது. முகம் காட்டாத வேறொரு பெண்ணை வைத்துப் படுக்கையறைக் காட்சிகள் எடுத்து, அவற்றுக்கு இவள் மூச்சை ஒட்டியிருக்கிறார்கள்.

சென்சாரில் 'ஏ'. 'ஏ' படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, ஆக டிவி ரைட்ஸ் பேச்சும் பொய். என்.எஸ்.சி. என்கிற விநியோக ஏரியா, அதாவது வட, தென் ஆற்காடும் செங்கல்பட்டும், விலை போக இந்தக் காட்சிகள்தான் சரக்கு என்று முதலிலேயே முடிவு செய்திருக்கிறார்கள்.

அக்ரிமெண்டில், நடிகையின் உருவத்தையும் குரலையும் எந்த வகையிலும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டோம். டூப், குரல், போஸ்டர் மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். சம்பள பாக்கிக்குக் கொடுத்த 60,000 ரூபாய் செக்கும் திரும்பி வந்தது. செக் கேஸ் போட வேண்டுமானால், செக் திரும்பியதாக பேங்க் தரும் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே மேனேஜர் அதைத் தாண்ட வைத்துவிட்டார்.

அப்புறம் போஸ்டர். முகம் எங்கள் பெண்ணுடையது, கழுத்துக்குக் கீழே தோலின் நிறமே வேறு. காட்பாடி மேம்பாலத்தடியில் ஒட்டியிருப்பதாக நண்பன் சொன்னான். சித்தப்பா கண்ணில் படுவதற்குள் கிழித்துவிடலாம் என்று விடியற்காலையில் ஓடினேன். எனக்கு முன்னாலேயே அவர் அங்கே நின்று, காயாத மைதாப் பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.