கிருஷ்ணகிரியில் 16 வாரத் தச்சுப் பயிற்சி: கை பழகுகிறது, கணக்கு பழகவில்லை

கிருஷ்ணகிரி பைபாஸை ஒட்டி நடக்கும் ஒரு தனியார் தச்சுப் பயிற்சிக் கூடத்தைப் பற்றிய மதிப்பீடு இது. குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரை விட்டுவிடுகிறோம். 16 வாரம், திங்கள் முதல் சனி வரை, ஒரு அணிக்கு 12 பேர். கட்டணம் 32,000 ரூபாய். மரமும் பிளைவுட்டும் அதில் அடக்கம், கைக்கருவிகளை நாமே வாங்க வேண்டும். ஃபர்னிச்சர், மாடுலர் கிச்சன், வீட்டுப் புதுப்பிப்பு என்று மூன்றையும் சொல்லித்தான் ஆள் சேர்க்கிறார்கள். முதல் இரண்டுக்கும் கொடுத்த பணம் தகும். மூன்றாவதுக்குத் தகாது.

முதல் வாரம் முழுக்க உளி தீட்டுவதுதான். சேர்ந்தவுடன் மெஷினில் கை வைக்கலாம் என்று வரும் பையன்களுக்கு இது சலிப்பாக இருக்கும். ஆனால் இந்தக் கூடத்தின் சிறந்த பாடம் இதுவே. உளியின் தட்டையான முதுகை முதலில் கல்லில் வைத்துச் சமமாக்குகிறார்கள். பிறகு 25 டிகிரியில் சரிவு, முனையில் மட்டும் 30 டிகிரி. சரிவைத் தேய்க்கத் தேய்க்க முதுகுப் பக்கம் மெல்லிய பிசிறு ஒன்று புரண்டு நிற்கும். "பிசிறு வந்துச்சா பாருங்க தம்பி, விரலை முனைக்கு வெளியே பார்த்து இழுங்க" என்று மாஸ்டர் ஒவ்வொருவர் உளியையும் தொட்டுப் பார்க்கிறார். பிசிறு வாயின் ஒரு மூலையில் மட்டும் இருந்தால் தீட்டியது கோணல். முழு அகலத்துக்கும் சீராகத் தட்டுப்பட்டால்தான் அடுத்த கல்லுக்குப் போக விடுகிறார். பெரும்பாலான பட்டறைகளில் இதைச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருப்பதில்லை. மழுங்கிய உளியோடு பல வருடம் ஓட்டியவர்கள் ஏராளம்.

பழகுவதற்கு மாமரம் கொடுக்கிறார்கள். காய்ப்பு ஓய்ந்த தோப்பு மரங்கள் இந்த ஊரில் மலிவாகக் கிடைக்கும் என்பதால் தாராளமாக வெட்டிப் பழகலாம். மாமரத்தில் ரேகை ஒரே திசையில் ஓடாது. இழைப்புளியின் வாய் கொஞ்சம் மழுங்கினாலும், இரும்பு கொஞ்சம் அதிகம் இறங்கினாலும் சிராய் பிய்த்துக்கொண்டு வரும். அதுவே நல்ல பாடம், தவறு உடனே கண்ணில் பட்டுவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: பச்சை மாமரத்தில் செய்த ஸ்டூலை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். சரியாக உலர்த்தி மருந்து ஏற்றாத மாமரம் உளுத்துப்போகும். காலடியில் மாவு கொட்ட ஆரம்பித்தால் வீட்டில் உள்ள மற்ற மரத்துக்கும் ஆபத்து.

நான்கு முதல் ஆறாம் வாரம் வரை சேர்ப்புகள். பாதி வெட்டுச் சேர்ப்பில் தொடங்கி, மார்டிஸ் என்ற துளையில் டெனான் என்ற நாக்கைச் செருகும் சேர்ப்பு வரை போகிறது. டெனானின் தடிமன் கட்டையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு என்ற விதியைச் சொல்வதோடு, அதை மீறினால் என்ன ஆகும் என்றும் உடைத்துக் காட்டுகிறார்கள். டெனான் தடித்தால் துளையின் பக்கச் சுவர் மெலிந்து பிளக்கிறது, மெலிந்தால் டெனானே முறிகிறது. இறுதியில் 5 அங்குலம் அகலம், 3 அங்குலம் கனம் கொண்ட தேக்கில் ஒரு வாசல் நிலை செய்ய வேண்டும். 7 அடிக்கு இரண்டு கால், மூன்றரை அடிக்குத் தலைக்கட்டை, மொத்தம் 17.5 அடி. 5 × 3 × 17.5 ஐ 144 ஆல் வகுத்தால் 1.82 கன அடி. மரக்கடையில் போடும் கணக்கு இதுதான். இந்த ஒரு இடத்தில் மட்டும் கூடம் கணக்கையும் சேர்த்துச் சொல்லித்தருகிறது.

மெஷின் வாரங்களைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது உண்டு. டேபிள் சா (மேசை ரம்பம்) இரண்டு இருக்கின்றன. ஒன்றில் பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய தகடு கழற்றப்பட்டிருக்கிறது. பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது, வெட்டிய வாய் பிளேடைத் தாண்டியதும் மூடிக்கொள்ளப் பார்க்கும். அந்தத் தகடு வாயைத் திறந்து வைத்திருக்கும். அது இல்லாவிட்டால் பின்பக்கம் மேலெழும் பற்கள் பலகையைக் கவ்வித் தூக்கி, முன்னால் நின்று அறுப்பவர் வயிற்றை நோக்கி எறியும். இதைவிட மோசம், மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டிப் பிளைவுட் அறுப்பது. சைட்டில் எல்லோரும் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பயிற்சிக் கூடம் அதைப் பழக்கமாக்கக் கூடாது. மரத்துக்கென்று செய்த சர்க்குலர் சாவில் தானாக மூடிக்கொள்ளும் கீழ்க்காப்பு உண்டு, மார்பிள் கட்டரில் கிடையாது. கை நழுவினால் தொடை வரை திறந்த பிளேடு. சேருவதற்கு முன் நேரில் போய், தகடு இல்லாத மெஷினில் வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். தூசு உறிஞ்சும் மெஷினும் ஒன்றே ஒன்றுதான். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டும் நாட்களில் சொந்தமாக என்-95 மாஸ்க் கொண்டுபோவது நல்லது.

பிளைவுட் பகுதி நன்றாக இருக்கிறது. பொதுப் பயன்பாட்டு பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 303, மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரைகளை ஷீட்டிலேயே காட்டி விளக்குகிறார்கள். 303-லேயே எம்.ஆர். (ஈரப்பதம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்குவது) என்று இரண்டு தரம் இருப்பதையும், எம்.ஆர். தரத்தைச் சிங்க் அடியில் போட்டால் ஒட்டு விட்டு அடுக்கு அடுக்காகப் பிரியும் என்பதையும் ஒரு துண்டை வெந்நீரில் போட்டுக் காட்டியது அருமை. 710 தரத்துக்கான சோதனையே 72 மணி நேரம் கொதிநீரில் வைப்பது.

கதவில் குழித்துப் பதிக்கும் ஆட்டோ ஹிஞ்சுக்கு (கீல்) 35 மி.மீ. குழி. கதவு விளிம்பிலிருந்து குழியின் ஓரம் 5 மி.மீ. தள்ளி இருக்க வேண்டுமென்றால் மையக்கோடு 22.5 மி.மீ.இல் விழும். ஆழம் 12 மி.மீ. 18 மி.மீ. பலகையில் மீதம் 6 மி.மீ.தான் என்பதால் நடுமுனை நீண்ட மலிவான டிரில் பிட் போட்டால் முன்பக்க லேமினேட் (சன்மைக்கா) புடைத்துக்கொள்ளும். கிராங்க் என்னும் ஹிஞ்சின் கை வளைவு 0, 8, 16 மி.மீ. உள்ள மூன்றையும் மாட்டிப் பழக வைக்கிறார்கள். டிராயர் ஓடும் சேனலுக்குப் பக்கத்துக்கு 12.5 மி.மீ. இடம், ஆக டிராயர் பெட்டியின் வெளி அகலம் அலமாரியின் உள் அகலத்தைவிட 25 முதல் 26 மி.மீ. குறைவு. 24 மட்டும் குறைத்தால் சேனல் பிதுங்கி, பாதியில் இறுகும். 28 குறைத்தால் உருளைகள் பிடிமானம் விட்டு டிராயர் ஆடும். கதவுக்கு வெளியே 1 மி.மீ. லேமினேட் ஒட்டினால் உள்ளேயும் 0.8 மி.மீ. ஒட்டியே ஆக வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கதவு வில்லாக வளையும் என்பதை இரண்டு மாதிரிக் கதவுகளை ஜன்னலோரம் சாய்த்து வைத்தே காட்டுகிறார்கள்.

இனி இந்தப் பயிற்சி கைவிடும் இடம். ஷீட்டில் எந்தத் துண்டை எங்கே எடுப்பது என்று காட்டும் வெட்டும் படம் போடச் சொல்லித்தருவதில்லை. 7 அடி உயரம், 6 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு அலமாரி என்று வைத்துக்கொள்வோம். பக்கப் பலகையும் நடுத்தடுப்பும் மூன்று, மேல் கீழ் இரண்டு, தட்டு நான்கு, 18 அங்குலக் கதவு நான்கு. பரப்பளவைக் கூட்டினால் 132 சதுர அடி. 8 × 4 ஷீட் ஒன்று 32 சதுர அடி. வகுத்தால் 4.1 வருகிறது, 5 ஷீட் போதும் என்று வகுப்பில் எழுதிப் போட்டார்கள். அது தவறு.

ஷீட்டின் 4 அடி அகலத்தில் 24 அங்குலப் பட்டி இரண்டு வரும். பக்கத்துக்கு மூன்று பட்டி, மேல் கீழுக்கு இரண்டு, தட்டுகளுக்கு இரண்டு, மொத்தம் 7 பட்டி, மூன்றரை ஷீட். கதவு 18 அங்குலம் என்பதால் ஒரு ஷீட்டில் இரண்டுதான் வரும், 12 அங்குலம் மிஞ்சும். நான்காவது ஷீட்டின் மீதிப் பாதியில் ஒரு கதவை எடுத்தாலும் இன்னும் மூன்று கதவு பாக்கி. அதற்கு இரண்டு ஷீட். ஆக 6. ஐந்து என்று விலை சொல்லி வேலையை எடுத்தவர் ஒரு ஷீட்டின் விலையைக் கூலியிலிருந்து கட்டுவார். மிஞ்சும் 12 அங்குலப் பட்டிகளில் டிராயர் பக்கங்களை எடுக்கத் தெரிந்தால் அந்த ஆறாவது ஷீட் வீணாகாது. அதுவும் சொல்லப்படவில்லை.

இதற்குள் இன்னொரு பொறி இருக்கிறது. ஷீட் 1220 மி.மீ., பிளேடு தின்னுவது 3 மி.மீ. மீதி 1217-ஐ இரண்டாக்கினால் 608.5. 24 அங்குலம் என்பது 609.6. அதாவது ஒரு ஷீட்டிலிருந்து முழு 24 அங்குலம் இரண்டு வரவே வராது. முதல் பட்டியை 24-க்கு அறுத்துவிட்டால் அடுத்தது 2 மி.மீ.க்கு மேல் குறையும், அலமாரியின் முன்பக்கம் ஒரே மட்டத்தில் நிற்காது. ஆரம்பத்திலேயே ஆழத்தை 600 மி.மீ. என்று வரைந்துகொண்டால் தொல்லையே இல்லை.

கடைசி மூன்று வாரம் 'சைட் வேலை'. கூடத்துக்குள்ளேயே கட்டிய புதுச் சுவரில், நூல் பிடித்தாற்போல நேராக இருக்கும் சுவரில், பெட்டியை மாட்டி இறக்குகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் அப்படிப்பட்ட சுவர் எங்கே இருக்கிறது? பழைய வீட்டில் தரைக்கும் 7 அடிக்கும் இடையே 10, 15 மி.மீ. சாய்வது சாதாரணம். அதற்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சுவரோரம் இடைவெளியை மூடும் 25 மி.மீ. ஃபில்லர் பட்டி விட்டு, சுவரின் நெளிவைப் பென்சிலால் பட்டியில் இறக்கி இழைத்துச் சேர்க்க வேண்டும். தரையில் மிக உயர்ந்த இடத்தை ரசமட்டத்தில் கண்டுபிடித்து அங்கிருந்துதான் அடிச்சட்டத்தை ஏற்ற வேண்டும். தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கினால் மறுமுனையில் அடிச்சட்டத்தையே செதுக்க வேண்டி வரும்.

சுவரின் ரகமும் முக்கியம். செங்கலுக்குப் போதுமான நைலான் பிளக், ஏ.ஏ.சி. (காற்றுக்குமிழ் நிறைந்த இலகு கான்கிரீட்) கல்லில் சுழன்றுகொண்டே இருக்கும். அதற்கு நீளமான, அந்தக் கல்லுக்கென்றே உள்ள ஆங்கர் வேண்டும், ஹாமர் மோடில் துளை போடவும் கூடாது. ஓசூர் பக்கத்து அடுக்குமாடிகளில் அலுமினிய அச்சில் வார்த்த மைவான் கான்கிரீட் சுவர் வரும்போது ரோட்டரி ஹாமர் இல்லாமல் துளையே இறங்காது. கருங்கல் கட்டடம் என்றால் கல்லிலேயே துளை போட வேண்டும், இடைக்காரையில் போட்டால் மேல் அலமாரி சாமானோடு இறங்கிவிடும். குளியலறையை ஒட்டிய சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்க, 2 அடிக்கு 2 அடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விட்டால் போதும். தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஓதத்தைச் சரி செய்யாமல் அங்கே பிளைவுட்டைச் சாய்க்கக் கூடாது. புதுப்பிப்பு வேலை என்றால் இவைதான். இவற்றில் ஒன்றுகூடப் பாடத்தில் இல்லை.

ஜிப்சம் சீலிங் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. குறுக்குச் சட்டமான இன்டர்மீடியட் சேனல் 1220 மி.மீ., போர்டைத் திருகும் சீலிங் செக்‌ஷன் 457 மி.மீ. இடைவெளி, 12.5 மி.மீ. போர்டு என்று அளவுகள் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஃபேன் கொக்கி தளத்திலிருந்தே தொங்க வேண்டும், சட்டத்தில் அல்ல என்பதை மட்டும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

வேறு வழிகள் உண்டா? எட்டாவது முடித்தவர், ஒரு வருடம் ஒதுக்க முடியும் என்றால், ஐ.டி.ஐ. தச்சுப் பிரிவு சிறந்தது. தேசியச் சான்றிதழ் கிடைக்கும், கம்பெனி வேலைக்கும் அது உதவும். அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. எந்த ஊர் ஐ.டி.ஐ.யில் இந்தப் பிரிவு நடக்கிறது என்று சேர்க்கை நேரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பெயின்டிங், டைல்ஸ் என்று வீட்டு வேலையில் இருப்பவர் தச்சுக்கு மாற நினைத்தால் இந்த 16 வாரம் சரியாகப் பொருந்தும், ஏனென்றால் சுவர் அவருக்குப் பழக்கம். பள்ளி முடித்து நேராக வருபவர், முடித்தபின் குறைந்தது ஆறு மாதம் ஓசூரிலோ பெங்களூர் சந்தாபுரா பக்கமோ ஒரு நல்ல மேஸ்திரியிடம் சைட்டில் நிற்காமல் தனியாக வேலை எடுக்கக் கூடாது. கூடம் அப்படிச் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள்.

கருவி வாங்கக் கூடமே ஒரு பெட்டி விற்கிறது. வாங்க வேண்டாம். அதில் உள்ள எட்டு உளிகளில் பாதி தேவைப்படாது. 6, 12, 18, 25 மி.மீ. உளி நான்கு, இரும்பு இழைப்புளி ஒன்று, இரு முகத் தீட்டுக்கல், 5 மீட்டர் டேப், மூலைமட்டம், ரசமட்டம் போதும். மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். நேர் விளிம்புள்ள லேமினேட் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, மட்டத்தை விளிம்பில் அணைத்துக் கூர்மையான பென்சிலால் ஒரு கோடு. மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் வாங்கலாம். விரிந்து போனால் தெரியும் இடைவெளி உண்மையான பிழையைப் போல இரண்டு மடங்கு. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.