பைத் அல்-உம்மா, கெய்ரோ: பாதி விடுதலையின் வீடு

பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு எதிரான எகிப்தின் விடுதலைப் போராட்டத்தை அறிய, அதன் தலைவர் சாத் ஸக்லூலின் இந்த வீட்டிலிருந்து தொடங்குவதே சரி. சதாத் நிலையத்தில் மெட்ரோ முதல் தடத்தில் ஏறி, ஹெல்வான் பக்கமாக அடுத்த நிலையத்தில் இறங்குங்கள். நிலையத்துக்கே அவர் பெயர்தான். கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

1919 மார்ச் 8 அன்று பிரிட்டிஷார் ஸக்லூலைக் கைது செய்து மால்டாவுக்கு நாடுகடத்தினார்கள். மறுநாளே புரட்சி வெடித்தது. மனைவி ஸஃபியா இதே வீட்டிலிருந்து போராட்டத்தைத் தொடர்ந்தார். அந்தக் காலத்து அறைகலன்களோடு இருக்கும் அறைகளை அவசரமில்லாமல் பாருங்கள். எதிரே ஃபாரோனிய (பண்டைய எகிப்திய) பாணியில் ஸக்லூலின் கல்லறை மண்டபம், தவறவிடக் கூடாது.

பலரும் சறுக்குவது 1922-இல். எகிப்து சுதந்திர நாடு என்று பிரிட்டன் வெளியிட்ட பிப்ரவரி 28 அறிவிப்பை முழு விடுதலை என்று எண்ணிவிடுகிறார்கள். போக்குவரத்துத் தடங்கள், பாதுகாப்பு, அந்நியர்-சிறுபான்மையினர் நலன், சூடான் ஆகிய நான்கையும் பிரிட்டன் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. 1936 பிரிட்டன்-எகிப்து ஒப்பந்தத்துக்குப் பிறகும் சூயஸ் கால்வாய்ப் பகுதியில் 10,000 பிரிட்டிஷ் வீரர்கள் வரை இருக்க அனுமதி. கடைசிப் படை வெளியேறியது 1956 ஜூனில்தான்.

ஸக்லூல் 1927-லேயே இறந்துவிட்டதால் பிற்பாதிக் கதைக்கு இந்த வீடு போதாது. அதற்கு கெய்ரோவின் மன்ஷியத் அல்-பக்ரியில் உள்ள, பின்னாளில் எகிப்தின் அதிபரான நாசரின் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.