இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் தொடங்குவார்கள்

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தபோது என் மகனைச் சேர்த்த குழந்தைகள் கவுன்சலிங் மையம் பற்றி எழுதுகிறேன். அவனுக்கு எட்டு வயது. என் வீட்டிலிருந்து அவன் அப்பா வீட்டுக்கோ, அங்கிருந்து இங்கேயோ மாறுகிற நாள் வந்தாலே வயிற்றுவலி என்று சுருண்டு படுப்பான். டாக்டர் பார்த்து, வயிற்றில் ஒன்றுமில்லை, மனக்கலக்கமாக இருக்கலாம் என்றார். அவன் அப்பாவோ, "கோர்ட்டில் காட்டத்தான் கூட்டிப் போகிறாய்" என்று ஒரே பிடியாக நின்றார்.

மையத்தில் முதலில் கேட்டதே இருவரின் கையெழுத்தைத்தான். ஒருவர் எதிர்க்கும்போது தொடங்கினால் பாதியில் நிறுத்தவேண்டி வரும், நம்பிப் பேச ஆரம்பித்த பிள்ளைதான் தவிக்கும் என்றார் தெரபிஸ்ட். அவரே அவன் அப்பாவை போனில் அழைத்துப் பேசினார். பிள்ளை யாரிடம் வளரவேண்டும் என்று மையம் கருத்துச் சொல்லாது எனப் படிவத்திலேயே இருந்தது. அதைப் படித்த பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார். பின்னால் என் வக்கீல் வழக்குக்குச் சாதகமாகக் கடிதம் கேட்டபோதும் தெரபிஸ்ட் தரவில்லை. "அது நீதிமன்றம் நியமிக்கிற மதிப்பீட்டாளர் வேலை, சிகிச்சை தருகிறவர் அதைச் செய்யக்கூடாது." இந்த உறுதிக்காகவே இவர்கள்மேல் எனக்கு மரியாதை.

இருவரும் கையெழுத்துப் போட்டபின் தெரபிஸ்ட் மகனிடமே, "உனக்கு இங்கே வர இஷ்டமா?" என்று கேட்டார். குழந்தையைப் பாதிக்கிற விஷயங்களில் அதன் கருத்தையும் கேட்கவேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 12ஆம் பிரிவில் சொல்கிறது. எங்கள் வழக்கில் அவனைக் கேட்ட முதல் ஆள் இவர்தான்.

உட்காரவைத்துக் குடைகிற வேலையெல்லாம் இல்லை. மணல் தட்டு, கலர் பென்சில், பொம்மைகள். ஒருநாள் இரண்டு பொம்மை வீடுகளுக்கு நடுவே பஸ்ஸை நிறுத்தி, பையன் பொம்மையை அதற்குள் தூங்கவைத்திருக்கிறான். அவன் சம்மதம் வாங்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் ஒன்றாக வைத்து இதைச் சொன்னார். உடுப்பும் புத்தகமும் இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு செட் இருக்கட்டும், அவன் மூட்டை தூக்கிக்கொண்டே அலையவேண்டாம் என்றார். வெளியே வந்ததும் "என்ன பேசினாய் கண்ணு?" என்று கேட்கக்கூடாது என்பது இன்னொரு விதி. எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம். வயிற்றுவலி அடியோடு போகவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்திருக்கிறது.

குறை இருக்கிறது. பள்ளி இல்லாத நேரத்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கட்டணத்தை யார் கட்டுவது என்று முதலிலேயே எழுதி வாங்காமல் இருவருக்கும் முழு பில்லை அனுப்பியதில் வீண் தகராறு வந்தது. சேர்க்கும் முன் அதைப் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். வழக்குக்குச் சாதகமாகக் கடிதம் வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது.