பிளாக் விரிசலைத் திருத்தியதாகச் சொல்லிப் பெயின்ட் அடித்துத் தரும் பட்டறை: ஓர் எச்சரிக்கை

டீசல் பிக்கப் வண்டியின் இன்ஜின் பிளாக்கில் (சிலிண்டர்கள் அமைந்த இன்ஜினின் முக்கிய உடல்) விரிசல் கண்டு, மலேசியாவின் பினாங்கில் பட்டர்வொர்த், பிறை வட்டாரத்தில் பட்டறை தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் பட்டறையின் பெயரை வெளியிடவில்லை.

வண்டி எங்கள் வீட்டுத் தேவைக்குப் பழையதாக வாங்கியது, 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். முந்தைய உரிமையாளர் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்வித்துத் துருவையும் தடுக்கும் திரவம்) ஊற்றாமல் வெறும் குழாய்த் தண்ணீரிலேயே ஓட்டியிருந்ததால் உள்ளே துருவேறியிருந்தது. சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறும்போது வாட்டர் பம்ப் பழுதாகி இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறியது. அதன்பின் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே, பிளாக்கின் பக்கச் சுவரில், மயிரிழை போன்ற விரிசல் வழியாகக் கூலன்ட் கசியத் தொடங்கியது. இன்ஜின் எண்ணெயில் கூலன்ட் கலந்த தடயம் இல்லை. எண்ணெய் மூடியின் அடியில் பாலேடு போன்ற குழம்பு இல்லை, வெள்ளைப் புகையும் வரவில்லை. ஆகவே விரிசல், சிலிண்டர்களைச் சுற்றிக் கூலன்ட் ஓடும் பகுதியின் வெளிச்சுவரோடு நின்றிருந்தது என்றே கொள்ளலாம். இத்தகைய விரிசலைத் திருத்த முடியும் என்பதுதான் இந்த ஏமாற்றுக்கு இடம் கொடுக்கிறது.

முறையான வழி மெட்டல் ஸ்டிட்சிங் எனப்படுவது. விரிசலின் இரு முனைகளையும் முதலில் கண்டறிந்து, அது மேலும் ஓடாதபடி அங்கே துளையிட்டு, விரிசல் நெடுகிலும் மரையுள்ள உலோக ஊசிகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி வரிசையாக முறுக்கி இறக்கி, குறுக்கே பூட்டுத் துண்டுகளைப் பதிப்பார்கள். சூடு தேவையில்லாததால் பிளாக் வளையாது. வெல்டிங் செய்வதென்றால், வார்ப்பிரும்பில் கரிமம் மிகுதி என்பதால், பிளாக் முழுவதையும் முன்கூட்டியே சூடேற்றி, பின் மெதுவாக ஆறவிட வேண்டும். இல்லையேல் ஒட்டிய இடத்தின் அருகிலேயே புதிய விரிசல் விழும். இரண்டுமே மெஷின் ஷாப் (உலோகத்தைத் துல்லியமாகக் கடைந்து துளையிடும் இயந்திரப் பட்டறை) வேலை. மூலையில் கிரைண்டர் வைத்திருக்கும் எல்லாப் பட்டறையும் செய்யக்கூடியதல்ல.

பட்டறையின் ஃபோர்மேன், "அண்ணே, கவலையே படாதீங்க, ஸ்டிட்சிங் போட்டுப் புது பிளாக் மாதிரி கொடுத்துடுவோம்" என்றார். கூலி, கேஸ்கெட், எண்ணெய் எல்லாம் சேர்த்து 4,800 ரிங்கிட். வேலை நடக்கும்போது படம் எடுத்துத் தரும்படி கேட்டதற்கு, பிளாக் வெளியே மெஷின் ஷாப்பில் இருப்பதாகப் பதில் வந்தது. எந்த மெஷின் ஷாப் என்பதற்குப் பதில் வரவில்லை. அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்ட் சீட்டைக் கேட்டபோது, "அதெல்லாம் நாங்களே பாத்துட்டோம்ணே" என்று முடித்துக்கொண்டார்கள். ரசீதில் "பிளாக் ரிப்பேர்" என்ற ஒற்றை வரிதான் இருந்தது. வண்டி திரும்பி வந்தபோது பிளாக்கின் அந்தப் பக்கம் மட்டும் சாம்பல் நிறப் பெயின்டில் பளபளத்தது.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்காக அரிசி மூட்டைகளையும் அண்டாக்களையும் ஏற்றிக்கொண்டு ஜாலான் உத்தாமா பக்கம் போகையில் அதே இடத்தில் மீண்டும் கசிந்தது. இம்முறை புக்கிட் மெர்தாஜாமில் உள்ள வேறொரு மெஷின் ஷாப்பில் கொடுத்தேன். அவர்கள் என் கண்முன்னே பெயின்டைச் சுரண்டினார்கள். ஊசி ஒன்றுகூட இல்லை. விரிசல் நெடுகிலும் கிரைண்டரால் பள்ளம் வெட்டி, இரண்டு டியூபாகக் கடையில் விற்கும் உலோகப் பசையைக் கலந்து நிரப்பியிருந்தார்கள். இன்ஜின் 90 பாகை செல்சியஸ் அளவில் ஓடி, ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தாங்கி, ஒவ்வொரு முறையும் சூடேறி ஆறும்போது இரும்பும் பசையும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கினால், அந்தப் பூச்சு எத்தனை நாள் பிடித்துக்கொண்டிருக்கும்? பணம் போனதைவிட எனக்கு ஆத்திரமூட்டியது வேறொன்று: பள்ளம் வெட்டியதில் சுவர் மெலிந்து, விரிசலும் நீண்டு, முதலில் முறையாகத் திருத்தக்கூடியதாக இருந்த பிளாக்கை இனித் திருத்துவதற்குத் தாங்கள் உத்தரவாதம் தர இயலாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

பழைய பட்டறையிடம் முறையிட்டபோது பணத்தைத் திருப்பித் தருவதற்குப் பதிலாக, மேலும் பணம் கொடுத்தால் ஹாஃப்-கட் இன்ஜின் (வெளிநாட்டுப் பழைய வண்டியை வெட்டி இறக்குமதி செய்ததிலிருந்து எடுத்தது) ஒன்றை இறக்கித் தருவதாகச் சொன்னார்கள். அதற்குச் சுங்கத்துறைப் பத்திரம் இல்லை. "உங்க பழைய நம்பரையே அடிச்சுத் தர்றோம்" என்றார்கள். இன்ஜின் எண் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். பிளாக் மாறினால் எண்ணும் மாறும். அதைப் புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை மையத்தில் காட்டி, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவிலும் மாற்றியாக வேண்டும். பத்திரமில்லாத இன்ஜினில் போலி எண் அடிப்பது குற்றம். பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் வண்டிக்காரரே.

எனவே பிளாக் வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன் எந்த மெஷின் ஷாப், எந்த முறை என்பதை மதிப்பீட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இன்ஜினைப் பூட்டுவதற்கு முன், பெயின்ட் அடிப்பதற்கும் முன், பிளாக்கின் நீர்வழிகளை அடைத்து வெந்நீரும் காற்றழுத்தமும் கொடுத்துச் சோதிப்பதை நேரில் பாருங்கள். மறுத்தால் வண்டியை இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். டோவிங் செலவு இதைவிட மலிவு.

நான் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். சம்பவம் நடந்த 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அங்கே இடமில்லை. ரசீது, பெயின்ட் சுரண்டுமுன்னும் பின்னும் எடுத்த படங்கள், இரண்டாவது மெஷின் ஷாப்பின் எழுத்துமூல அறிக்கை ஆகியவற்றை இணைத்துள்ளேன். இந்த வட்டாரத்தில் அண்மையில் பிளாக் திருத்தியவர்கள், திருத்திய இடத்தில் புதுப் பெயின்ட் இருந்தால் ஒரு ஓரத்தை மட்டும் சுரண்டிப் பாருங்கள்: ஊசித் தலைகள் வட்ட வட்டமாக வரிசையாகத் தெரிய வேண்டும். ஊசித் தலைகளே இல்லாமல் வெறும் பசைப் பூச்சு தெரிந்தால், பட்டறைக்குத் தகவல் சொல்லுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.