ஊமைப்படமா, மெழுகு உருளையா?

பசிபிக் தீவுவாசிகளான பாலினீசியர்களின் ஆடல் பாடலை ஆராயப் புறப்படுகிறவருக்கு 1920களை ஒட்டி இரண்டு பெரும் சேகரங்கள் உண்டு. ஒன்றில் ஆள் அசைகிறார், குரல் இல்லை. மற்றதில் குரல் மட்டும், ஆளைக் காணோம்.

முதலாவது, ஜேம்ஸ் மெக்டொனால்ட் 1919 முதல் 1923 வரை நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளிடையே எடுத்த ஊமைப்படங்கள். வெலிங்டனில் இருந்த டொமினியன் மியூசியத்துக்காக எடுத்தவை. இப்போது ஙா தாவொங்கா என்ற நியூசிலாந்தின் திரைப்பட, ஒலிக் காப்பகத்தில் இருக்கின்றன. (சொல்லின் முதலில் வரும் மாவோரி ஒலியை எழுத நம் 'ங' கைகொடுப்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.) வங்கனுயி ஆற்றங்கரையில் விலாங்குப் பொறி வைப்பதும், விரல்களில் நூலைக் கோத்து உருவம் கட்டும் 'ஃபை' விளையாட்டும் அவற்றில் உண்டு. எந்த விரல் எந்த நூலைக் கொக்கிபோட்டு இழுக்கிறது என்பதைப் பத்துப் பக்கம் எழுதினாலும் புரியவைக்க முடியாது. படத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் போதும்.

ஆனால் அந்தக் காலத்துக் கேமரா கையால் மெதுவாகச் சுற்றுவது. இன்றைய வேகமான விநாடிக்கு 24 படச்சட்டங்களில் அப்படியே ஓட்டினால் மாவோரிக் குழு ஆட்டமான ஹாகா ஆடுகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் இருக்கும். தாளத்தை இதை வைத்துக் கணக்கிடுவது ஆபத்து.

இரண்டாவது, ஹவாயில் இசை ஆய்வாளர் ஹெலன் ராபர்ட்ஸ் 1923-24ல் அக்காலத்து ஒலிப்பதிவுச் சாதனமான மெழுகு உருளைகளில் பதிந்த 'மெலே' பாடல்கள் ஹோனலூலு பிஷப் மியூசியத்தின் சேகரம். உருளை சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நீண்ட ஓதலுக்கு இடமில்லை. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஊசி கொஞ்சம் மெழுகைச் சுரண்டும். சுழலும் வேகம் மாறினால் சுருதியும் மாறிவிடும். இரைச்சலுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

இருந்தும் ஹவாய் நடனமான ஹூலாவுக்கு நான் உருளையைத்தான் முதலில் எடுப்பேன். ஹூலாவில் கை பேசுவது பாட்டின் சொல்லை. சொல் தெரியாமல் கையை மட்டும் பார்த்தால் அழகாக இருக்கும், அவ்வளவே. கைவேலை, மீன்பிடிப்பு என்றால் மறுபேச்சில்லை, மெக்டொனால்ட்தான்.

'இரண்டும் சேர்ந்தே கிடைக்காதா?' என்றால், ஆவணப்பட இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி சமோவாவின் சவாயி தீவில் எடுத்த 'மோவானா' (1926) நினைவுக்கு வரும். அதன் ஒலி அவர் மகள் மோனிக்கா 1970களில் அங்கே போய்ப் பதிந்து சேர்த்தது. படத்துக்கும் குரலுக்கும் இடையே அரை நூற்றாண்டு! அதோடு, அன்றாடம் துணிக்கடைத் துணி உடுத்தியவர்களுக்கு மரப்பட்டைத் துணி கட்டிவிட்டு எடுத்த படம். 1920களின் சமோவாவுக்குச் சாட்சியாக இதை நான் கூப்பிட மாட்டேன்.

அனுமதி விஷயத்தில் ஙா தாவொங்கா கொஞ்சம் பொறுமை கேட்கும். மாவோரிப் பதிவுகளை மறுபடி பயன்படுத்த அந்தந்தக் குலத்தாரின் சம்மதம் தேடுவது அங்கே வழக்கம். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. 1980களில் மெக்டொனால்டின் படங்களைச் செப்பனிட்டு ஊர் மராயேக்களில் (மாவோரிகள் கூடும் இடங்களில்) திரையிட்டபோது, திரையில் இருந்தவர்கள் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் பார்க்க வந்திருந்த சந்ததியினர்தான்.