மேடைக்கு மேலே ஓடும் வரிகள்: சர்டைட்டில் வசதி எப்படி இருக்கிறது?

தெரியாத மொழியில் நடக்கும் நாடகத்துக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் சர்டைட்டில், அதாவது வசனத்தின் மொழிபெயர்ப்பைத் திரையில் வரிவரியாகக் காட்டும் வசதி, உண்டா என்று பாருங்கள். அடுத்து அது எந்த இருக்கையிலிருந்து தெரியும் என்று கேளுங்கள். டிக்கெட் அதற்குப் பிறகு. நாடகத்தைப் பற்றியும் நடிகர்களைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வேற்றுமொழிக்காரர் ஒருவர் இரண்டாவது முறை அரங்கத்துக்கு வருவாரா என்பதைப் பல நேரம் முடிவு செய்கிற இந்த வசதியைப் பற்றித்தான் எழுத ஆளில்லை.

வசனத்தைப் பாட்டாகவே பாடி நடிக்கும் ஓபராவின் அரங்குக்கு இது வந்தது 1983 ஜனவரியில். டொராண்டோவில் கனடியன் ஓபரா கம்பெனி ஒரு ஜெர்மன் ஓபராவுக்கு ஆங்கில வரிகளை மேடைக்கு மேலே ஓடவிட்டது. கண் மேடையை விட்டுப் போய்விடும், கலை கெட்டுவிடும் என்று அப்போது பலத்த எதிர்ப்பு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா 1995 வரை இதைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. சேர்த்தபோது வேறு வழியில் சேர்த்தது: ஒவ்வொருவருக்கும் முன்னிருக்கையின் முதுகில் ஒரு சின்னத் திரை. பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். இன்றைக்கும் என் கணக்கில் இதுதான் முதலிடம். தலையை நிமிர்த்த வேண்டியதில்லை. ஒரே வரிசையில் நான்கு பேர் நான்கு மொழியில் படிக்கலாம். வியன்னா அரசு ஓபராவில் ஜப்பானியம், ரஷ்யன் உட்படப் பல மொழிகளில் படிக்க இருக்கையிலேயே வசதி உண்டு.

பெரும்பாலான அரங்குகளில் நமக்குக் கிடைப்பது மேலே தொங்கும் ஒற்றைத் திரைதான். முன் வரிசைகளில் உட்கார்ந்தால் வரியைப் படிக்கும்போது நடிகர் முகம் போய்விடும், முகத்தைப் பார்த்தால் வரி போய்விடும். டிக்கெட் விலை குறைந்த பின்வரிசைகளில் வேறு தொல்லை: மேல்மாடியின் அடிப்பகுதி திரையைப் பாதி மறைத்துவிடும். முதல் தடவை வந்து பார்ப்போமே என்று வருகிறவர்கள் எடுப்பது அந்த டிக்கெட்டைத்தான். அரங்க நிர்வாகிகள் ஒரு நாளாவது அங்கே உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்க்க வேண்டும்.

இந்த வரிகள் தானாக ஓடுவதில்லை. இருட்டறையில் ஒருவர் வசனப் பிரதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் பட்டனைத் தட்டுகிறார். நடிகர் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டால் அவரும் கூடவே தாண்ட வேண்டும். என் அம்மாவை ஒரு நகைச்சுவை நாடகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். வேலைக்காரன் கதவருகே நின்று எஜமானியைப் பார்க்கிறான். அவன் வாயைத் திறப்பதற்குள் அரங்கமே சிரித்துவிட்டது. "அவன் இன்னும் பேசவே இல்லையேடி, எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்றார் அம்மா. கேள்வியையும் பதிலையும் ஒரே திரையில் போட்டுவிட்டார்கள். வசனத்தைச் சொல்ல வந்த நடிகர் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. கேள்வியைப் போட்டு, திரையை ஒரு நொடி வெறுமையாக விட்டு, நடிகர் மூச்சை இழுக்கும்போது பதிலைப் போட வேண்டும். நல்ல ஆபரேட்டர் இருக்கும் நாளில் திரை இருப்பதையே மறந்துவிடுவோம். அவர் பெயரையும் நிகழ்ச்சிக் குறிப்பில் கட்டாயம் போட வேண்டும்.

தமிழ் வரிகள் கிடைக்கும் இடங்களில் இன்னொரு குறை. நம் சொற்கள் நீளம், எழுத்துக்கு மேலும் கீழும் கொக்கிகள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த திரையில் அப்படியே திணித்தால் இரண்டு வரியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நடையைச் சொல்லவே வேண்டாம். பாட்டி பேரனைப் போட்டுத் திட்டுகிறாள், திரையில் "உன் நடத்தை வருந்தத்தக்கது" என்று வருகிறது. "எந்தப் பாட்டி இப்படித் திட்டுவா?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. வீட்டில் தமிழ் பேசுகிற ஒருவரை ஒத்திகையில் உட்காரவைத்துச் சரிபார்த்திருந்தால் போதும்.

செல்பேசிச் செயலியில் படிக்கும் வசதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிச்சம் பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்கிறது, பேட்டரி இடைவேளைக்குள் பாதியாகிவிடுகிறது. லண்டன் நேஷனல் தியேட்டர் 2018-இல் காது கேளாதோருக்காக, வரிகள் கண்முன்னே மிதக்கும் கண்ணாடியைக் கொண்டுவந்தது. அந்த வகைக் கண்ணாடி ஒன்றை வேறோர் அரங்கில் போட்டுப் பார்த்தேன். வரியும் நடிகரும் ஒரே பார்வையில் கிடைப்பது பெரிய சுகம். ஏற்கெனவே கண்ணாடி போட்டவர்களுக்கு மூக்கின் மேல் பாரம் கொஞ்சம் அதிகம்தான்.

என் பெரிய மனக்குறை கருவிகள் மேல் இல்லை. நான் அடிக்கடி போகும் ஓர் அரங்கில், ஒரு நாடகம் ஒரு மாதம் ஓடினால் சர்டைட்டில் ஒரே ஒரு நாள். அதுவும் வார நாள் மாலை. அந்த அறிவிப்பும் உள்ளூர்ப் பெரும்பான்மை மொழியில் மட்டுமே இருக்கும். முன்பதிவுப் பக்கம், தொலைபேசியை எடுப்பவர், வாசலில் டிக்கெட் பார்ப்பவர், எல்லாமே ஒரே மொழி. அப்புறம் "அந்தச் சமூகத்தினர் வருவதில்லை" என்று அறிக்கை எழுதுகிறார்கள். எப்படி வருவார்கள்? எந்த மொழிகளில் போடலாம் என்று முடிவெடுக்கும்போதும் பெரும்பாலும் சுற்றுலா வருபவர்களைத்தான் நினைக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர் வீட்டில் என்ன மொழி பேசுகிறார் என்று கேட்பதில்லை.

பெர்லினின் மாக்சிம் கோர்க்கி தியேட்டரைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். துருக்கியில் பிறந்த ஷெர்மின் லாங்ஹோஃப் 2013-இல் அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அவர் காலத்தில் பிரதான மேடை நாடகங்களுக்கு ஆங்கில வரிகள் வழக்கமாகவே ஓடின. மேடையில் நடிப்பவர்களும் பல நாட்டு வேர்கள் கொண்டவர்கள். சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து வந்த கலைஞர்களுக்கென்று ஒரு குழுவையே தொடங்கினார்கள். வழக்கமாகவே ஓடும்போது யாரும் தேதி பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை, நண்பர் கூப்பிட்டதும் கிளம்பிவிடலாம்.

மேல்திரை மட்டும் இருக்கும் அரங்கானால் கீழ்த்தளத்தின் நடுப்பகுதி, இல்லையென்றால் மேல்மாடி முதல் வரிசை எடுங்கள். முதல் ஐந்து வரிசையும் மாடிக்கு அடியில் இருக்கும் கடைசி வரிசைகளும் வேண்டவே வேண்டாம். உங்கள் மொழி பட்டியலில் இல்லையென்றால் கவுண்டரில் கேட்டுவிட்டு வாருங்கள், நான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.